ஒரு செம்புத் தண்ணி

கிள்ளிப் போடுலே தவசி. ரெண்டு விரல் வேலை. ஒரு வருசமாச் செஞ்ச வேலைதானே, இன்னைக்கு மட்டும் என்ன கை கூசுது? மொட்டா இருந்தப்ப ஒண்ணுவிடாமக் கிள்ளினவனுக்குப் பூவானதும் மனசு வரலியாக்கும், பெரிய மனசு. மணி ஏழேகால் ஆவுது. ஏழரைக்கு வாரேன்னு சொல்லியிருக்கா அந்தப் பிள்ள. கீழ செல்லக்கனி மிக்ஸியப் போட்டுட்டா, சட்னி அரைக்கா, அந்தச் சத்தம் நின்னதும் மாடிப்படிக்கு வந்து ஒரு குரல் குடுப்பா, அந்தக் கிழங்குகளைக் கட்டிக்கிட்டு அழுதது போதும், இறங்கி வாங்கன்னு. கட்டினவளுக்கு இதெல்லாம் கிழங்குதான். அவ சொல்லுததும் சரிதான், பாலைவன ரோஜான்னு பேருதான் பெருசு, பாக்கதுக்கு அடி பெருத்த ஒரு கிழங்கு, அதுக்கு மேல நாலு கொப்பு, கொப்பு நுனியில பூ. நூத்திப் பத்து தொட்டி நிக்கி இந்த மொட்டை மாடியில. அத்தனைக்கும் தண்ணி ஊத்தியாச்சு, இந்த ஒண்ணுதான் பாக்கி. தண்ணி டேங்குக்குப் பின்னால, கைப்பிடிச் சுவர் ஓரமா, யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு நானேதான் கொண்டு வச்சேன், கடைசியில என் கண்ணுலயும் படாமப் போச்சு. சுவரைப் பாத்த பக்கம் ஒரு சின்னக் கொப்பு, இலைக்குள்ள ஒரே ஒரு மொட்டு, எப்படித் தப்பிச்சுதோ தெரியல, இன்னைக்குக் காலைல விரிஞ்சு நிக்கி. மூணு அடுக்கு. உள்ள சந்தன மஞ்சள், ஓரத்துல கருஞ்சிவப்பு, அதுவும் கோடு இழுத்த மாதிரி இல்ல, தெறிச்ச மாதிரி, ஒரு இதழ்ல கூட, ஒரு இதழ்ல குறைய. சே, என்ன அழகு. திருட்டுப் பயலுக்கு ரசிக்க வேற தெரியுது. இந்தப் பூவை இந்த ஊர்ல பாத்தவங்க ரெண்டே பேரு, பிலோமினா டீச்சரும் நானும். போன வருசம் ஆவணியில அவங்க மாடியில அஞ்சு நாள் இருந்துச்சு, அப்புறம் உதிர்ந்துச்சு. அந்தச் செடியும் இப்ப இல்ல. இல்லன்னா எப்படி இல்லாமப் போச்சு? கேளு, நல்லாக் கேளு உன்னையே. நீ கேக்காட்டி இன்னும் பத்து நிமிசத்துல படியேறி வாரவ கேப்பா. அவ டீச்சரோட மருமக. நேத்து சாயங்காலம் போன் பண்ணி, "அங்கிள், நாளைக்குக் காலைல வாரேன், ஒரு விசயம் உங்ககிட்ட நேர்ல கேக்கணும்"னு சொன்னா. நேர்ல கேக்கணும்னா என்ன அர்த்தம்? தெரிஞ்சு போச்சுன்னுதானே அர்த்தம். எப்படித் தெரிஞ்சிருக்கும்? அன்னைக்கு டீ கொண்டுக்கிட்டு மாடிக்கு வந்தாளே, அப்பவே பாத்திருப்பாளோ? பாத்திருந்தா பதினாலு மாசம் வாயை மூடிக்கிட்டு இருப்பாளா? கிள்ளிப் போடுலே. வெறும் இலையா நின்னா எல்லாச் செடியும் ஒண்ணுதான், ஒருத்தருக்கும் தெரியாது. பூவுலதான் இருக்கு எல்லாம், இப்படி ஒரு பூன்னு இவ போய் டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

முப்பத்தஞ்சு வருசம் தபால்காரனா இருந்தவன் நான். எத்தனை கவர், எத்தனை மணியார்டர், எத்தனை பொம்பளைங்க வாசல்ல நின்னு, "அண்ணாச்சி, கப்பல்ல இருந்து வந்திருக்கா"ன்னு கையை நீட்டியிருக்காங்க. ஒரு கவரை வெளிச்சத்துல தூக்கிப் பாத்ததுகூட கிடையாது. ஒட்டு விட்டுத் திறந்து கெடந்த கவரை நானே பசை போட்டு ஒட்டிக் குடுத்திருக்கேன். தவசிமுத்து கைன்னா சுத்தமான கைன்னு பனிமய மாதா கோயில் தெருவுல கேட்டுப் பாருங்க, எவனும் சொல்லுவான். அந்தத் தெருவுலதான் டீச்சர் வீடும். அறிவியல் டீச்சர். நான் அவங்களுக்குத் தபால் குடுக்கப் போனவன்தான், வாசல்ல ஒரு தொட்டியப் பாத்துட்டு, "இது அடீனியம்லா டீச்சர், பாலைவன ரோஜா"னு கேக்கப்போய் வந்த பழக்கம். அவங்களுக்கு முதல் விதை குடுத்தது நான். மகரந்தம் எடுக்கச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். தூண்டில் நைலான் நரம்பை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, பூவோட தொண்டைக்குள்ள விட்டு, லேசாத் திருகி, அந்த மஞ்சத் தூளை எடுத்து இன்னொரு பூவுல வைக்கணும். பிடிச்சா ரெண்டு காய் ஆட்டுக்கொம்பு மாதிரி விடும், வெடிச்சா விதை பறந்துரும், அதனால நூலைச் சுத்திக் கட்டணும், எல்லாம் சொன்னேன். பெரிய வாத்தியாராட்டம். பன்னெண்டு வருசமா நானும் கட்டிக்கட்டி வச்சுப் பாத்தேன், என் கைக்கு வந்ததெல்லாம் சாதா ரோஸ் கலரு, அஞ்சு இதழு, நர்சரியில கொட்டிக் கெடக்குமே அது. அவங்க கட்டினது ஒரே ஒரு காய். முளைச்சது பதினோரு கன்னு. அதுல பத்து சாதா. பதினொண்ணாவது இது. போன் பண்ணிக் கூப்பிட்டாங்க, "அண்ணாச்சி, உடனே வாங்க, என்னமோ பூத்திருக்கு"ன்னு, சின்னப் பிள்ள மாதிரி குரல் நடுங்குது. நான் சைக்கிள மிதிச்சுக்கிட்டுப் போனேன், பாத்தேன், "நல்லாருக்கு டீச்சர்"னு சொன்னேன். சொன்னேனே தவிர, இது என் மாடியில பூக்கலியேன்னுதான் மனசு ஓடுச்சு. பொறாமைன்னு அப்பவே பேரு வச்சிருந்தா தப்பிச்சிருப்பேன். நான் அதுக்கு வேற பேரு வச்சேன், அக்கறைன்னு. இது விதைக்கன்னு, உலகத்துல வேற எங்கயும் இது கிடையாது, இது செத்தா இதோட போச்சு, ஒட்டுக்கட்டி இன்னொண்ணு வச்சுக்கிடதுதான் புத்திசாலித்தனம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதைத்தான் டீச்சர்கிட்டயும் சொன்னேன். அவங்க என்ன சொன்னாங்க? "இன்னொரு தடவை பூக்கட்டும் அண்ணாச்சி, இதே மாதிரி வருதான்னு பாப்போம். வந்துச்சுன்னா முதல் கொப்பு உங்களுக்குத்தான்." முதல் கொப்பு உங்களுக்குத்தான். காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி இருக்கு இப்ப நினைச்சா. தாரேன்னு சொன்னதைத் திருடினவன் இந்த உலகத்துல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

மிக்ஸி நின்னுட்டு. தெருவுல ஆட்டோ சத்தம். அவளா? இல்ல, மீன்காரர். அவ ஸ்கூட்டியிலதான் வருவா. ஆக்ஸிலியா. டீச்சர் மகன் டெரன்ஸ் கப்பல்ல இருக்கான், ஒரு வருசம், ஒண்ணேகால் வருசம் கழிச்சு வருவான், ரெண்டு மாசம் இருப்பான், போயிருவான். வீட்டுல மாமியாரும் மருமகளும் மட்டும்தான். டீச்சர் மூட்டு ஆப்பரேசனுக்கு மதுரைக்குப் போனப்ப, தங்கச்சி வீட்டுல நாப்பது நாள் தங்கணும்னு சொன்னப்ப, மாடிச் சாவியை மருமக கையில குடுக்கல. என் கையில குடுத்தாங்க. "நீ செடியைத் தொடாதம்மா, அண்ணாச்சி வந்து பாப்பாரு"ன்னு அந்தப் பிள்ள முன்னாலயே சொன்னாங்க. அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு, நான் பாத்தேன். எனக்குப் பெருமையா வேற இருந்துச்சு, தூ. ஐப்பசி மாசம். வானம் மூட்டமா இருக்கு. செடியில ஒரே கொப்பு, அது நுனியில வெட்டணும். மழைக்காலத்துல வெட்டுக்காயம் ஆகாதுன்னு பத்து பேருக்குச் சொல்லிக் குடுத்தவன், அன்னைக்குச் சட்டைப் பையில பிளேடோட போறேன். வெட்டு வாயில பூசுததுக்கு மருந்துத்தூள் எடுத்துக்கிட்டுப் போகணும்னு தெரியாதா? தெரியும். எடுத்துக்கிட்டுப் போனா வெட்டத்தான் போறேன்னு எனக்கே தெரிஞ்சு போயிருமே, அதான் எடுக்கல. இதை இப்பத்தான் முதல் தடவையா ஒழுங்கா நினைக்கேன். வெட்டினது ரெண்டு அங்குலம். பால் சொட்டுது. படியில கொலுசுச் சத்தம், ஆக்ஸிலியா டீ கொண்டு வாரா. கொப்பை மேல் பைக்குள்ள போட்டேன், தொட்டியைத் திருப்பி வெட்டு வாயைச் சுவரைப் பாத்து வச்சேன். "என்ன அங்கிள், செடியெல்லாம் நல்லாருக்கா?" "நல்லாருக்கும்மா." பை பிசுபிசுன்னு நெஞ்சுல ஒட்டுது, நான் டீயை ஊதி ஊதிக் குடிக்கேன், சீனி கூடன்னு சொல்லிச் சிரிக்கேன். அன்னைக்கு மத்தியானமே மழை பிடிச்சுக்கிட்டு. மூணு நாள். போய்ப் பாத்திருக்கலாம். பாலித்தீன் கவரைச் சுத்தியாவது விட்டிருக்கலாம். நான் என்ன செஞ்சேன்? வீட்டுல உக்காந்து இந்தக் கொப்பை என் சாதாக் கிழங்கு ஒண்ணுல ஒட்டுக்கட்டிட்டு, பிடிக்குதா பிடிக்குதான்னு மணிக்கொரு தடவை கவரைத் தூக்கிப் பாத்தேன். நாலாம் நாள் நான் டீச்சர் வீட்டு மாடிக்குப் போய்ப் பாத்தா, வெட்டு வாயில இருந்து கீழ இறங்கிட்டு அழுகல். விரலால அமுக்கினா பழுத்த வாழைப்பழமாட்டம் உள்ள போகுது. பத்தே நாள்ல கிழங்கு வரைக்கும். மொத்தத்தையும் பிடுங்கி, துண்டு துண்டா வெட்டி, உரப் பைக்குள்ள போட்டு ரோட்டுக் குப்பைத் தொட்டியில கொண்டு போட்டேன். காயம் இருந்த துண்டை மட்டும் தனியா, வேற தெருவுல. எவ்வளவு விவரம் பாருங்க. கொலைகாரனுக்குத்தான் இந்த விவரமெல்லாம் வரும்.

டீச்சர் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வந்து இறங்கினாங்க. மாடி ஏற முடியாது. செடி அழுகிப் போச்சுன்னு நான் சொன்னதும், நாற்காலியில உக்காந்துக்கிட்டு மருமகளைப் பாத்து, "தண்ணி ஊத்தினியா?"ன்னு கேட்டாங்க. அவ, "இல்ல அத்தை"ன்னா. கண்ணு கலங்குது, வாய் குழறுது, பாக்கதுக்குப் பொய் சொல்லுத மாதிரியேதான் இருந்துச்சு. டீச்சர் என்கிட்டத் திரும்பினாங்க. "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, இது தண்ணி கூடினதாலதானே?" அந்த இடம். அந்த ஒரு இடத்துல நான் வாயைத் திறந்து, மழை டீச்சர், மழைதான்னு சொல்லியிருந்தாக்கூட அது பாதிப் பொய்யோட போயிருக்கும், பழி மழைக்குப் போயிருக்கும். நான் மருமகளைப் பாத்தேன், டீச்சரைப் பாத்தேன், "அப்படித்தான் தெரியுது டீச்சர்"னு சொன்னேன். அப்படித்தான் தெரியுது. என்ன ஒரு நாசூக்கு. ஒட்டுக்கட்டி வச்சிருக்கேன் டீச்சர், முன்னாலயே ஒரு கொப்பு எடுத்தேன், கவலைப்படாதீங்கன்னு சொல்லியிருந்தா என்னைக் கும்பிட்டிருப்பாங்க. அதுகூடத் தோணல. மறுநாள் தோணுச்சு. மறுநாள் சொன்னா நேத்து ஏன் சொல்லலன்னு வரும். ஒரு வாரம் கழிச்சு ஒரு வாரம் ஏன் சொல்லல. ஒரு மாசம், ரெண்டு மாசம், அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே போச்சு. இந்தப் பக்கம் ஒட்டு பிடிச்சு, துளிர் விட்டு, மொட்டு வைக்க ஆரம்பிச்சுட்டு. முதல் மொட்டைக் கிள்ளினப்ப கை பூரா பால். செல்லக்கனி பாத்துட்டு, "பூக்கப் போறதை எதுக்குக் கிள்ளுதிய?"ன்னு கேட்டா. "கிழங்குக்குப் பலம் ஏறட்டும்னுதான்"னு சொன்னேன். அது ஒண்ணும் தப்பான வைத்தியம் இல்ல, செடி வளக்கவங்க செய்யுததுதான், அதனால அவ நம்பிட்டா. பூக்கதுக்காகத் திருடினேன், பூக்க விடாம வச்சிருக்கேன். இப்படி ஒரு கிறுக்கன் உண்டா? டீச்சர் அப்புறம் செடி வளக்கதையே விட்டுட்டாங்க. இருந்த செடியெல்லாத்தையும் ஆளாளுக்குக் குடுத்துட்டாங்க, அதுல மூணு எனக்கு. வேண்டாம்னு சொன்னேன். "உங்களை மாதிரி யாரு பாப்பா அண்ணாச்சி"ன்னு கையில திணிச்சாங்க.

ஸ்கூட்டி நின்னுட்டு. கேட்டைத் திறக்கா. கீழ செல்லக்கனி குரல் கேக்கு. "வாம்மா ஆக்ஸிலியா, தோசை சாப்பிடுதியா? மேலதான் இருக்காரு, போ." இதுதான் கடைசி நிமிசம். விரல் ரெண்டையும் காம்புல வச்சிட்டேன். சின்னக் காம்பு. நகத்தை அழுத்தினாப் போதும். படியில செருப்புச் சத்தம். கிள்ளு. கிள்ளிட்டு எங்க போட? சுவருக்கு அந்தப் பக்கம் போட்டா ஆச்சு. கிள்ளுலே மானங்கெட்டவனே. இல்ல, முடியல, இன்னும் ஒரு நாள் இருந்தா நல்லா விரியும், இன்னும் முழுசா விரியலன்னு நினைக்கேன், தலை போற நேரத்துல இதைத்தான் நினைக்கேன். "அங்கிள்." திரும்பி, டேங்குக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டேன், முதுகுக்குப் பின்னால பூ. "வாம்மா. என்ன விசயம்?" அவ தொட்டிகளைப் பாக்கா, ஒவ்வொண்ணா. இளைச்சுப் போயிருக்கா. கழுத்தெலும்பு தெரியுது. "கிறிஸ்மஸுக்கு அவங்க வாராங்க அங்கிள். பத்து நாள்தான் இருக்கு." "டெரன்ஸா? நல்லது, நல்லது." என்ன நல்லது? "அதுக்குள்ள அத்தைகிட்ட ஒரு உண்மையைச் சொல்லிரணும். தனியாப் போய்ச் சொல்லப் பயமா இருக்கு. ஒரு நல்ல செடியா வாங்கிட்டுப் போய்க் குடுத்துட்டு சொல்லலாம்னு நினைச்சேன், அதான் உங்ககிட்ட வந்தேன்." அவளே சொன்னா, தரையைப் பாத்துக்கிட்டு. "அந்தச் செடியைக் கொன்னது நான்தான் அங்கிள்."

அவ சொல்லிக்கிட்டே போறா. "அத்தை தொடாதேன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்க ஒருநாள் சாவியை மறந்து வச்சிட்டுப் போயிட்டிய. துணி காயப்போட மாடிக்கு வந்தேன். வெயிலு. இலை ரெண்டு வாடின மாதிரி இருந்துச்சு. பாவமா இருந்துச்சு, அத்தை வந்தா சந்தோசப்படுவாங்கன்னு ஒரு செம்புத் தண்ணி ஊத்தினேன். ஒரே ஒரு செம்புதான் அங்கிள். அத்தை கேட்டப்பப் பயந்து போய் இல்லன்னுட்டேன். அவங்களுக்குப் பொய்னு தெரிஞ்சு போச்சு. அன்னையில இருந்து என்கிட்டப் பேசுததில்ல. சண்டை போட்டாக்கூடப் பரவால்ல. சோத்தை எடுத்து மூடி வச்சா எடுத்துச் சாப்பிடுதாங்க, பிளேட்டைக் கழுவி வைக்காங்க, அவ்வளவுதான். ஒரு வீட்டுல ரெண்டே பேரு, ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கப்பல்ல இருந்து அவங்க போன்ல கூப்பிட்டா நல்லாருக்கோம்னு ரெண்டு பேரும் தனித்தனியாச் சொல்லுதோம். டிவி சத்தம் இல்லன்னா பைத்தியம் பிடிச்சிரும்." கண்ணைத் துடைச்சிக்கிட்டா. அப்புறம் நிமிந்து என் மூஞ்சியப் பாத்துக் கேட்டா, டாக்டர்கிட்டக் கேக்க மாதிரி. "நீங்க விவரம் தெரிஞ்சவங்க. சொல்லுங்க அங்கிள். ஒரு செம்புத் தண்ணிக்கு ஒரு செடி செத்துப் போகுமா?"

செத்துப் போகும்னு சொல்லிரலாம். தலையை ஆட்டினாலே போதும். அவளே ஒத்துக்கிட்டா, அவளே போய் மாமியார் கால்ல விழுவா, டீச்சர் மன்னிச்சிருவாங்க, எல்லாரும் நல்லாருப்பாங்க, கிறிஸ்மஸ் கொண்டாடுவாங்க, எனக்கு ஒரு டப்பா கேக்கு வரும். எவ்வளவு சுளுவு. இதைவிட வசதியான ஒரு வழி எனக்கு இனிமே கிடைக்காது. இந்தப் பிள்ள அதைக் கையில ஏந்திக்கிட்டு வந்து நிக்கா. வெயில் முதுகுல ஏறுது. அவ கண்ணு சிமிட்டாம என்னையே பாக்கா. நான் சொன்ன ஒரு வார்த்தையில ஒரு வருசம் போயிட்டு இவளுக்கு, இன்னொரு வார்த்தை சொன்னா மீதியும் போயிரும், செய்யாத ஒண்ணைச் செஞ்சேன்னு ஆயுசுக்கும் சுமந்துக்கிட்டுத் திரிவா. "சாகாது"ன்னு சொன்னேன். "ஒரு செம்புக்கெல்லாம் சாகாதும்மா. அந்த வெயிலுக்கு அது வேண்டிய தண்ணிதான். நீ சரியாத்தான் ஊத்தியிருக்கே." "அப்புறம் எப்படி அங்கிள்...?" நான் ஒதுங்கி நின்னேன். வேற ஒண்ணும் செய்யல, ஒரு எட்டு பக்கவாட்டுல வச்சேன். அவ பூவைப் பாத்தா. அவளுக்கு ஒண்ணும் புரியல, அவதான் அதைப் பாத்ததே இல்லையே, அது பூத்தப்ப அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. வாயாலதான் சொல்ல வேண்டியிருந்துச்சு. "இது டீச்சர் செடி. நான்தான் கொப்பை வெட்டினேன். மழையில. அந்த வெட்டு வழியாத்தான் அழுகிச்சு. நீ டீ கொண்டு வந்தியே, அப்ப என் பைக்குள்ள இருந்துச்சு." சொல்லிட்டேன். சொன்னா பாரம் இறங்கும்பாங்க. ஒரு மண்ணும் இறங்கல. அவ கத்துவான்னு பாத்தேன், அழுவான்னு பாத்தேன். கொஞ்சம் குனிஞ்சு பூவைப் பாத்தா, தொடல. "இதுக்கா அங்கிள்?"ன்னா. இதுக்கா. ஆமா, இதுக்குத்தான். "சட்டையைப் போட்டுட்டு வாங்க. கீழ நிக்கேன்"னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா.

கொடியில கெடந்த சட்டையை மாட்டினேன். பித்தானைத் தப்பாப் போட்டு, கழட்டி, மறுபடியும் போட்டேன். தொட்டியைத் தூக்கினேன், கனமா இருந்துச்சு, கிழங்கு நல்லாத்தான் பெருத்திருக்கு. அப்பவும் சொல்லுதேன் கேளுங்க, அப்பவும், அந்தப் பிள்ளகிட்ட அத்தனையும் சொன்ன பிறகும், என் கண்ணு அந்தச் செடியில எந்தக் கொப்பு முத்தியிருக்குன்னு பாத்துச்சு. ஒரு கொப்பு எடுத்தா ஒட்டுக்கட்டிரலாம், மார்கழி வெயிலுக்கு நல்லாப் பிடிக்கும், டீச்சருக்கு முழுச் செடியும் போகுது, எனக்கு ஒரு கொப்பு, யாருக்கு என்ன நஷ்டம்னு ஓடுச்சு. பிளேடு எங்க இருக்குன்னுகூட யோசிச்சிட்டேன். அந்த நிமிசத்துலதான் நான் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுது, தபால்காரனும் இல்ல, வாத்தியாரும் இல்ல. தொட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் படியில இறங்கினேன், முகத்துக்கு நேரா பூ ஆடுது, மூக்குல இடிக்கி. கீழ கேட்டுகிட்ட ஆக்ஸிலியா நிக்கா. செல்லக்கனி தோசைக் கரண்டியோட வெளிய வந்து, "எங்க போறிய, தோசை ஆறுது"ன்னா. நான் பதில் சொல்லுததுக்கு முந்தி ஆக்ஸிலியா சொன்னா, "அத்தைகிட்ட அங்கிள் ஒரு விசயம் சொல்லணுமாம். நீங்களும் வாங்க ஆன்ட்டி." இதை நான் நினைச்சே பாக்கல. டீச்சரை நினைச்சேன், ஆக்ஸிலியாவை நினைச்சேன், டெரன்ஸைக்கூட நினைச்சேன், நாப்பது வருசமா, எங்க வீட்டு ஆளு மாதிரி உண்டுமான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுத செல்லக்கனியை நினைக்கவே இல்ல. செல்லக்கனி கரண்டியை உள்ள வச்சிட்டு, சேலையை உதறிக் கட்டிக்கிட்டு வந்தா. பூவைப் பாத்ததும் மூஞ்சியெல்லாம் பல்லாப் போச்சு. "ஆத்தாடி, இம்புட்டு அழகா ஒரு பூவை வச்சுக்கிட்டா எனக்குக் காட்டாம இருந்திய? இதைக் குடுக்கத்தான் போறியளா டீச்சருக்கு? நீங்களா உண்டாக்கினிய?" வாசப்படியில உக்காந்து செருப்பைத் தேடுதா, பெருமையில கை ஓடல. "இல்ல"ன்னு சொன்னேன். அவ காதுல விழல. "என்னது?"ன்னா. "இல்ல, நான் உண்டாக்கல, திருடினது"ன்னு ரெண்டாந்தடவை சொன்னேன். ஒரு கால்ல செருப்போட, இன்னொரு செருப்பைக் கையில பிடிச்சபடி, அவ அப்படியே அண்ணாந்து என் மூஞ்சியப் பாத்தா.